பொம்மைதானே என்று சொல்லாதீர்கள்

"பொம்மைதானே... இதுக்குப் போய் இவ்வளவு கலாட்டாவா?"

நிஜ மனிதர்களின் முகத்தை வைத்துச் செய்கிற பொம்மைகள் பற்றி எந்த நாட்டில் தகராறு வந்தாலும் கடைசியில் வந்து விழுகிற வாக்கியம் இதுதான். செய்தவர் சொல்வார், விற்றவர் சொல்வார், வாங்கி அலமாரியில் வைத்தவரும் சொல்வார். சொல்லாத ஒரே ஆள் அந்த முகத்தின் சொந்தக்காரர்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். உயிரோடு இருப்பவரின் முகத்தை அவரைக் கேட்காமல் பொம்மையாக்கி விற்பது திருட்டு. அது குழந்தையின் முகம் என்றால் பெற்றோரிடமோ அரசிடமோ கையெழுத்து வாங்கிவிட்டேன் என்பதும் போதாது. இறந்துபோனவரின் முகம் என்றால் குறைந்தபட்சம் பொய் சொல்லக் கூடாது. இந்த மூன்றும் ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். ஆனால் பொம்மை வியாபாரம் இந்த மூன்றையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மீறிக்கொண்டே வந்திருக்கிறது, "பொம்மைதானே" என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு.

எந்தப் பொம்மைகள்?

எல்லாப் பொம்மைக்கும் முகம் உண்டு. கொலுப்படியில் அரிசி பருப்பைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாருக்கும் உண்டு, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் தஞ்சாவூர்ப் பெண்ணுக்கும் உண்டு. ஆனால் அந்தச் செட்டியார் எந்தத் தெருவில் கடை வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் ஒரு வகை, ஆள் இல்லை. இங்கே பேச்சு, பெயரும் விலாசமும் உள்ள ஆளைப் பற்றி. அப்படிப் பார்த்தால் நான்கு வகை தேறும்.

1. மெழுகுச் சிலை. ஆளுயரம், நிஜத் துணி, ஒவ்வொரு முடியாக நட்ட தலை. மேடம் டுசாட்ஸ் வகையறா.

2. பிரபலங்களின் விளையாட்டுப் பொம்மை. 1934-ல் வந்த ஷர்லி டெம்பிள் பொம்மையில் இருந்து, 1967-ல் மேட்டல் நிறுவனம் போட்ட ட்விகி பொம்மை வழியாக, இன்றைய பார்பி வரிசை வரை.

3. தலையாட்டி. நம்மூர் தஞ்சாவூர்ப் பொம்மைக்கு அமெரிக்காவில் ஒரு தூரத்துச் சொந்தம் :-) உடம்பு சின்னது, தலை பெரிசு, ஸ்பிரிங் வைத்த கழுத்து. 1999-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி, ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு வில்லி மேஸ் என்ற பழைய வீரரின் தலையாட்டியை இலவசமாகக் கொடுத்தது. அதற்குப் பிறகு அங்கே விளையாட்டு வீரர், அரசியல்வாதி என்று ஒருவரும் பாக்கியில்லை.

4. 'ரீபார்ன்' குழந்தைகள். வினைல் பொம்மைக்குப் பல அடுக்கு மெல்லிய வண்ணம் பூசி, சூடேற்றி, மயிரை ஊசியால் குத்தி நட்டு, உள்ளே எடை வைத்துச் செய்வது. தூக்கினால் தலையைத் தாங்கிப் பிடிக்கத் தோன்றும். 2016-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பூட்டிய காருக்குள் குழந்தை கிடக்கிறது என்று தகவல் வந்து, போலீஸ்காரர் கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்த பிறகுதான் அது பொம்மை என்று தெரிந்தது. இந்த வகையில் நிஜமான ஒரு குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்து அச்சாகச் செய்வதும் உண்டு.

பொம்மை பேசும்

'பொம்மை ஒன்றும் சொல்லவில்லையே, சும்மா நிற்கிறது, அதனால் யாருக்கு என்ன கெடுதல்?' என்பது முதல் வாதம். இதற்குப் பதில் 1894-லேயே லண்டன் நீதிமன்றத்தில் கிடைத்துவிட்டது.

ஆல்ஃபிரட் ஜான் மான்சன் என்பவர் மீது 1893-ல் ஸ்காட்லாந்தில் ஒரு கொலை வழக்கு நடந்தது. வேட்டைக்குப் போன இடத்தில் ஓர் இளைஞன் குண்டடிபட்டுச் செத்துப்போனான். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 'குற்றவாளி', 'நிரபராதி' என்பதோடு 'நிரூபிக்கப்படவில்லை' என்று மூன்றாவதாக ஒரு தீர்ப்பு இருந்தது. மான்சனுக்குக் கிடைத்தது அதுதான். ஆள் விடுதலை.

டுசாட்ஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? மான்சனை மெழுகில் செய்து, துப்பாக்கியோடு, கொலைகாரர்களின் சிலைகள் இருக்கும் 'பயங்கர அறை'க்குப் பக்கத்து அறையில் நிறுத்திவிட்டார்கள். சிலைக்குக் கீழே 'இவன் கொலைகாரன்' என்று எழுதினார்களா? இல்லை. பெயரை மட்டும் போட்டார்கள். ஆனால் டிக்கெட் எடுத்து உள்ளே போன ஒவ்வொருவருக்கும் என்ன புரிந்திருக்கும்? மான்சன் வழக்குப் போட்டார். மெழுகுச் சிலையும் அவதூறு ஆகலாம், ஒரு வார்த்தைகூட எழுதாமல் எங்கே நிறுத்துகிறோம் என்பதை வைத்தே ஒருவரின் பெயரைக் கெடுக்க முடியும் என்பது ஆங்கிலச் சட்டத்தில் பதிந்தது இந்த வழக்கால்தான். இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி. 'சட்டப்படி நீ சொல்வது சரிதான், ஆனால் நீ யோக்கியன் இல்லை' என்று ஜூரி முகத்தில் அடித்த மாதிரி. போகட்டும். மான்சன் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வி இல்லை. விடுதலையான ஒருவரை மறுபடி கூண்டில் ஏற்ற நீதிபதி தேவைப்படவில்லை, மெழுகு போதுமானதாக இருந்தது. அதுதான் கவனிக்க வேண்டியது.

ஐந்து பெண் குழந்தைகள்

பெரியவர்களாவது கோர்ட்டுக்குப் போகலாம். குழந்தைகள் எங்கே போவார்கள்?

1934 மே 28. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சிற்றூர். ஏற்கெனவே குழந்தைகள் உள்ள டியோன் என்ற ஏழை விவசாயக் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண்கள் பிறந்தார்கள். இவோன், ஆனெட், செசில், எமிலி, மரீ. ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து பேரும் பிழைத்து வளர்ந்ததாக உலகம் அறிந்த முதல் குழந்தைகள் இவர்கள்தான்.

சிகாகோ கண்காட்சியில் குழந்தைகளைக் காட்சிக்கு வைக்கத் தந்தை ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 'ஐயோ, குழந்தைகளைச் சுரண்டப் பார்க்கிறார்கள்' என்று மாகாண அரசு பதறியது. 1935-ல் சட்டமே போட்டுக் குழந்தைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? பொறுங்கள். பெற்றோர் வீட்டுக்கு எதிரிலேயே தனிக் கட்டடம் கட்டி, குழந்தைகள் விளையாடும் இடத்தைச் சுற்றிப் பார்வையாளர் பாதை போட்டு, தினமும் ஜனங்களை உள்ளே விட்டது. 1943-க்குள் ஏறக்குறைய 30 லட்சம் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சர்க்கஸ்காரனிடம் இருந்து காப்பாற்றிய அரசு தானே சர்க்கஸ் நடத்திய கதை.

இதில் பொம்மை எங்கே வந்தது? அமெரிக்காவின் மேடம் அலெக்ஸாண்டர் கம்பெனி இந்த ஐந்து பேரையும் ஐந்து பொம்மைகளாகப் போட்டது. ஒரே மாதிரி ஐந்து முகம், ஐந்து கவுன். ஓட்ஸ், பற்பசை, சிரப் விளம்பரங்களிலும் இதே முகங்கள். வட அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பொம்மைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துக் குழந்தைகள் விளையாடினார்கள். நிஜமான ஐந்து பேரோ சொந்த அம்மா அப்பாவோடு ஒரு வீட்டில் தூங்கக் காத்திருந்தார்கள். 1943 வரை.

பொம்மை அவர்களைப் பூட்டி வைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டை லாபமாக்கியதில் பொம்மைக்கும் பங்கு உண்டு. குழந்தைகள் ஐந்தும் சேர்ந்தே இருந்தால்தான் செட் விற்கும். ஒரே மாதிரி உடுத்தினால்தான் செட் விற்கும். 'ஐவரில் ஒருத்தி' என்ற அடையாளத்தைத் தாண்டித் தனித்தனி மனுஷியாக ஆவதற்கு அவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை வளர்ந்த பிறகு அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்போது மிச்சமிருந்த மூன்று சகோதரிகளுக்கு 1998-ல் ஒன்டாரியோ அரசு 40 லட்சம் கனேடிய டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. அறுபத்து மூன்று வயதில்!

அதே 1934-ல்தான் ஐடியல் கம்பெனி ஷர்லி டெம்பிள் பொம்மையைக் கொண்டுவந்தது. சுருட்டை முடி, கன்னக்குழி. அமெரிக்காவில் மக்கள் வேலையில்லாமல் திண்டாடிய காலத்திலும் பொம்மை லட்சக்கணக்கில் போனது. அந்த முகத்தின் சொந்தக்காரிக்கு அப்போது ஆறு வயது. இங்கே பெற்றோர் சம்மதம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, எல்லாம் முறைப்படி. இருபதைத் தாண்டிய பிறகு அவர் கணக்குப் பார்த்தபோது, சம்பாதித்த 30 லட்சத்துச் சொச்சம் டாலரில் மிச்சம் இருந்தது வெறும் 44,000. தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அதனால்தான் 'பெற்றோர் கையெழுத்துப் போட்டாச்சு' என்பது போதாது.

இது பழைய காலத்தோடு போய்விட்டதா? 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்ற சூட்டோடு, 'டை' என்ற பொம்மை கம்பெனி இரண்டு கறுப்பினச் சிறுமிப் பொம்மைகளை வெளியிட்டது. ஒன்றின் பெயர் 'மார்வலஸ் மலியா', இன்னொன்று 'ஸ்வீட் சாஷா'. ஒபாமாவின் மகள்கள் பெயர் மலியா, சாஷா. வயது 10, 7. 'பெயர் அழகாக இருந்தது, வைத்தோம், அந்தச் சிறுமிகளைப் பார்த்துச் செய்யவில்லை' என்றது கம்பெனி. காதில் பூ சுற்றுவது என்றால் இதுதான். சின்னப் பெண்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது முறையல்ல என்று மிஷெல் ஒபாமா தரப்பில் கண்டித்தார்கள். பொம்மைகளின் பெயர் மாறியது. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி கண்டித்தால் பெயர் மாறும். மற்ற அம்மாக்கள் கண்டித்தால்?

செத்தவர்கள் திரும்பி வந்து கேட்கவா போகிறார்கள்?

ஃப்ரீடா காலோ. மெக்சிகோவின் ஓவியர், 1907-ல் பிறந்து 1954-ல் இறந்தார். சிறுவயதில் போலியோ, 1925-ல் கோரமான பஸ் விபத்து, கடைசியில் ஒரு காலையே எடுத்துவிட்டார்கள். கட்டிலில் படுத்தபடி கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். சேர்ந்த புருவத்தையும் உதட்டுக்கு மேல் இருந்த பூனை மயிரையும் மறைக்காமல் வரைந்தார். தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் அவரே முடிவு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

2018-ல் மேட்டல் கம்பெனி ஃப்ரீடா பார்பியை வெளியிட்டது. ஒடிசலான இடை, வெளிறிய நிறம், அந்தப் பிரசித்தமான புருவம் பெயருக்குக்கூட ஒழுங்காக இல்லை. சக்கர நாற்காலியும் இல்லை, இடுப்பைத் தாங்கிய கவசமும் இல்லை. இருந்தது பூவும் சால்வையும். வாழ்நாள் முழுக்கக் கம்யூனிஸ்டாக இருந்தவரைப் பெட்டியில் போட்டு விலை ஒட்டியதை வேண்டுமானால் விட்டுவிடலாம். அவரே வரைந்த முகத்தை அழித்துவிட்டு வேறு முகத்தை மாட்டி, 'உத்வேகம் தரும் பெண்கள்' வரிசை என்று பெயரும் வைத்ததுதான் பொறுக்கவில்லை. எந்த உடம்பு அந்த உத்வேகத்தைத் தந்ததோ அதைக் காணோம்!

உரிமை தங்களிடம் இருக்கிறது என்று ஒரு நிறுவனம் சொன்னது. இல்லை, எங்களிடம்தான் என்று உறவினர்கள் சொன்னார்கள். 2018 ஏப்ரலில் மெக்சிகோ நீதிமன்றம் ஒன்று அந்நாட்டில் விற்கத் தற்காலிகத் தடை போட்டது. வாரிசுக்கா, கம்பெனிக்கா என்று சண்டை நடக்கும்போது ஃப்ரீடாவுக்காகப் பேச யாரும் இல்லை, அவருடைய ஓவியங்களைத் தவிர.

இந்தியாவில்?

இங்கேயும் சரியாக இதே விஷயத்தில் ஒரு தீர்ப்பு உண்டு. பஞ்சாபிப் பாடகர் தலேர் மெஹந்தியை நினைவிருக்கும். தலைப்பாகை, பளபள அங்கி. அவரைப் போலவே இருக்கிற, அவர் பாட்டையே பாடி ஆடுகிற பொம்மைகளை தில்லியில் கடைகள் விற்றன. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தரப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. 2010-ல் தில்லி உயர் நீதிமன்றம், ஒரு பிரபலத்தின் உருவத்தையும் அடையாளத்தையும் வியாபாரமாக்கும் உரிமை அவருக்கே உண்டு என்று ஏற்றுக்கொண்டது. நஷ்டஈடு ஒரு லட்ச ரூபாய். 2015-ல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படம் ஒன்றுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்.

ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். இரண்டு வழக்கிலும் வென்றவர்கள் பிரபலங்கள். அவர்களுடைய முகத்துக்குச் சந்தையில் விலை இருக்கிறது, அதனால் வாதாட வக்கீல் இருக்கிறார். இறந்தவர்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். ஜெயலலிதா வாழ்க்கையைப் படமாக்கியதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் புகழும் அவர் மறைவோடு முடிந்துவிடும், சொத்தைப் போல வாரிசுக்கு இறங்காது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரலாறு எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் அது நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கதவு வழியாகப் பொம்மை வியாபாரியும் உள்ளே வரலாம்.

அப்போ கொடும்பாவி?

இந்த இடத்தில் புத்திசாலிகள் ஒரு கேள்வி கேட்பார்கள். 'மந்திரியின் கொடும்பாவியை எரிக்க மந்திரியிடம் அனுமதி வாங்க வேண்டுமா? கொலுவில் காந்தி பொம்மை வைக்க யாரிடம் கையெழுத்து வாங்குவது?'

நல்ல கேள்வி. அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்யவும் எதிர்க்கவும் செய்கிற பொம்மைக்கு அனுமதி தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. அனுமதி கேட்டுச் செய்தால் அது எதிர்ப்பே இல்லை. 2004-ல் கலிபோர்னியா கவர்னராக இருந்த அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், தன்னைத் துப்பாக்கியோடு தலையாட்டியாகச் செய்த ஓஹியோ கம்பெனி மீது வழக்குப் போட்டார். துப்பாக்கி இல்லாமல் விற்றுக்கொள்ளலாம் என்று சமரசமாக முடிந்தது. ஆளும் கவர்னரைத் தலையாட்டியாக்கிக் கிண்டல் செய்ய ஜனங்களுக்கு உரிமை உண்டு. அங்கே நியாயம் கம்பெனி பக்கம்தான்.

காந்தி பொம்மையும் அப்படியே. அவர் பொதுவாழ்வுக்கு வந்தவர், மறைந்து பல பத்தாண்டுகள் ஆயிற்று, காகிதக்கூழில் கைத்தடியும் கண்ணாடியுமாக அவரை உருட்டி எடுப்பவர் காந்தியைப் பற்றிப் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். அந்த ஆள் பதில் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா? பொம்மை அவரைப் பற்றி என்ன சொல்கிறது? காசு யாருக்குப் போகிறது? மந்திரிக்கும் மலியாவுக்கும் உள்ள வித்தியாசம் இந்த மூன்று கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இனிமேல் எல்லோரும் ஷர்லி டெம்பிள்தான்

இதெல்லாம் பிரபலங்களின் பிரச்சினை, சாதாரண ஆளுக்கு என்ன வந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் கடைசிச் சேதி. முன்பு ஒருவரைப் பொம்மையாக்க அவர் நேரில் உட்கார வேண்டும், அளவெடுக்க வேண்டும், அச்சு எடுக்க வேண்டும். இன்றைக்கு ஒரு போட்டோ போதும். முப்பரிமாண அச்சு இயந்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 2025-ல் ஆளாளுக்குத் தன் போட்டோவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, பெட்டியில் அடைத்த பொம்மை மாதிரிப் படம் வாங்கிப் போட்டு மகிழ்ந்தார்களே, அது தன் முகம், தன் விருப்பம், சரி. அடுத்த வீட்டுக் குழந்தையின் போட்டோவைக் கொடுத்தாலும் இயந்திரம் அதே வேலையைச் செய்யும். 'இது யார் குழந்தை?' என்று அது கேட்பதில்லை.

ரீபார்ன் பொம்மைகளை வைத்துக் கேலி செய்பவர்கள், பொம்மையை மடியில் வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது தவறு. பிறந்து மறைந்த தன் குழந்தையின் முகத்தைப் பொம்மையில் பார்க்க ஒரு தாய் விரும்பினால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த முகத்தின் மேல் அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு? எங்கோ இருக்கும் ஒருவரின் பிள்ளையை இணையத்தில் பார்த்து அச்சு எடுத்து விற்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஆள் மாதிரிப் பொம்மை செய்வதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஏமி ஜாண்ட்ரிசெவிட்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். புற்றுநோய் வந்த குழந்தைகளோடு சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். கை இல்லாத குழந்தைக்குக் கை இல்லாத பொம்மை, முகத்தில் மறு உள்ள குழந்தைக்கு அதே இடத்தில் மறு உள்ள பொம்மை என்று துணியில் கையாலேயே தைத்துக் கொடுக்கிறார். கடையில் கிடைக்கிற எந்தப் பொம்மையிலும் தன்னைப் பார்க்காத பிள்ளை, முதல்முறையாகத் தன்னைப் பார்க்கிறது. ஆள் மாதிரிச் செய்த பொம்மைதான் அதுவும். ஆனால் அது போய்ச் சேருகிற இடம் அந்த முகத்தின் சொந்தக்காரரின் கை.

டியோன் சகோதரிகளின் பொம்மைகள் யார் யார் கைக்கோ போயின. அந்த ஐவரில் மிச்சமிருந்த மூன்று பேர் கைக்கு வந்தது 63 வயதில் ஒரு காசோலை.

பொம்மைதானே என்று இனி யாராவது சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உன் பிள்ளை முகத்தில் ஒன்று செய்யட்டுமா?"